நிற்பதும் ஒரு வேலை

சமதளம் என்று நாம் நினைக்கும் சாலைகளில் பெரும்பாலானவை சமதளம் அல்ல. மழைநீர் வடிவதற்காகவே அவற்றுக்குக் குறுக்கில் வாட்டம் கொடுத்திருப்பார்கள். நீளவாக்கில் அவை பாலத்துக்கு ஏறும், ஓடைக்கு இறங்கும். 20 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவை நடந்து போகிறவர் பெரிதாக உணரமாட்டார். ஆனால் 20 டன் எடையுள்ள லாரியை அங்கே நிறுத்தினால், ஏறத்தாழ 1 டன் பாரத்துக்கு ஈடான விசை அதைக் கீழ்நோக்கி இழுத்தபடி இருக்கும். டிரைவர் டீ குடிக்கும்போதும் இழுக்கும், இரவு முழுக்க அவர் கேபினில் தூங்கும்போதும் இழுக்கும். அந்த விசையை ஏதோ ஒன்று இடைவிடாமல் எதிர்த்துக்கொண்டிருந்தால்தான் வண்டி வைத்த இடத்தில் இருக்கும். வண்டியை ஓட்டுவதை வேலையாகவும் நிறுத்துவதை வேலை முடிந்ததன் அடையாளமாகவும் கருதிப் பழகிவிட்டோம். ஓட்டுநர் பயிற்சி, உரிமத் தேர்வு, சாலைப் பாதுகாப்பு வாரம் எல்லாமே ஓடும் வண்டியைப் பற்றியே பேசுகின்றன. நிற்கும் வண்டியும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதையும், அந்த வேலைக்கென்று தனிக் கருவி வேண்டும் என்பதையும், சக்கரத்தடியில் வைக்கும் கட்டைதான் அந்தக் கருவி என்பதையும் இங்கே வாதிட விரும்புகிறேன். அந்தக் கட்டை வழியில் கிடைக்கும் கல்லாக இருக்கக் கூடாது. ஸ்டெப்னியைப் போல, ஜாக்கியைப் போல வண்டியின் உறுப்பாக வண்டியோடு வர வேண்டும்.

பிரேக் இருக்கும்போது கட்டை எதற்கு என்பதுதான் முதலில் எழும் கேள்வி. பிரேக் எதைக் கொண்டு பிடிக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஹேண்ட் பிரேக் ஒரு கம்பியின் இழுவிசையால் பிடிக்கிறது. ரயில் பெட்டியின் ஏர் பிரேக் சிலிண்டரில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் பிடிக்கிறது. விமானத்தின் பார்க்கிங் பிரேக் ஒரு கலத்தில் சேமித்துவைத்த ஹைட்ராலிக் அழுத்தத்தால் பிடிக்கிறது. இழுவிசையானாலும் அழுத்தமானாலும் காலப்போக்கில் குறையக்கூடியவை. கம்பி நீளும், வாஷர் வழியே காற்று கசியும், எண்ணெயின் அழுத்தம் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். மலையிலிருந்து இறங்கி வந்த காரின் டிஸ்க் சூட்டில் விரிந்திருக்கும். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி தளரும். கியரில் போட்டு நிறுத்துவதும் அப்படித்தான். இன்ஜின் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் எதிர்ப்பே அங்கே வண்டியைப் பிடித்திருக்கிறது. அது பிஸ்டன் ரிங் வழியே கசிந்துவிட்டால், தேய்ந்த இன்ஜின் கொண்ட வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கட்டையில் குறைவதற்கு எதுவும் இல்லை. அதில் அழுத்தமும் இல்லை, இழுவிசையும் இல்லை. வண்டி எவ்வளவு பாரமாக அழுத்துகிறதோ அவ்வளவு உறுதியாகத் தரையில் பதிந்து நிற்கும். உருட்டப் பார்க்கும் எடையையே தடுக்கும் எடையாக மாற்றிக்கொள்வதுதான் அதன் வேலைமுறை.

ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றும் இடத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். இன்ஜின் பின்சக்கரங்களை ஓட்டும் வண்டியில் பின்சக்கரம் ஒன்று பஞ்சராகிவிட்டது, வண்டி கியரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பின்சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை கியர் இரண்டையும் பிடித்திருக்கும். ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிய நொடியில் டிஃபரன்ஷியலின் இயல்பு குறுக்கே வந்துவிடும். தூக்கிய சக்கரம் காற்றில் எதிர்த்திசையில் சுழலத் தடையில்லாததால், தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் உருளலாம். கியர் விழுந்துதான் இருக்கிறது, ஆனால் வண்டியைப் பிடிப்பார் யாருமில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும்படி ஹேண்ட் பிரேக் அமைந்த பழைய ஜீப்புகளில், ஹேண்ட் பிரேக்குக்கும் இதே கதிதான். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் ஜாக்கி சாயும். ஜாக்கி சாயும்போது நட்டைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் கையோ காலோ தலையோ அடியில் இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே, தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக உள்ள சக்கரத்தில் முன்னும் பின்னும் கட்டை வைப்பது இதனால்தான். வண்டிக்குள் இருக்கும் எந்தப் பற்சக்கரத்தையும் நம்பாமல், தரைக்கும் டயருக்கும் இடையே நேரடியாக வேலை செய்யும் தடுப்பு அது ஒன்றே.

பிரேக் குறைவதைவிட ஆபத்தானது, அது குறைவது வெளியே தெரியாமல் இருப்பது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாந்திக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று நடந்ததை இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டாங்கர் பெட்டிகள் கொண்ட, 9,000 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ரயில், முந்தைய இரவு நாந்த் என்ற இடத்தில் சரிவான தண்டவாளத்தில் நிறுத்தப்பட்டது. டிரைவர் 7 கைப்பிரேக்குகளைப் போட்டார். பிறகு விதிப்படி, அவை பிடிக்கின்றனவா என்று இன்ஜினால் இழுத்தும் தள்ளியும் பார்த்தார். ரயில் அசையவில்லை. ஆனால் அந்தச் சோதனையின்போது இன்ஜின்களின் ஏர் பிரேக்கும் போட்டபடியே இருந்தது. ரயிலை நிறுத்தி வைத்திருந்தது அதுதான், கைப்பிரேக்குகள் அல்ல. அவர் போன பிறகு ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்து இன்ஜினையும் நிறுத்தினார்கள். இன்ஜின் நின்றதால் காற்றை நிரப்பும் கம்பிரசரும் நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் காற்று கசிந்து ஏர் பிரேக் தளர்ந்தது. 7 கைப்பிரேக்குகளால் அந்த எடையைத் தாங்க முடியவில்லை. ஆளில்லாத ரயில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உருண்டு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, ஊரின் நடுவே தடம் புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள்.

அந்த இரவில் கடமையைச் செய்தவர்கள் பலர் இருந்தார்கள். தீயை அணைத்தவர்கள் சரியாகத்தான் அணைத்தார்கள். சோதனையும் நடந்தது, ஆனால் ஒரு பிரேக்கின் பலத்தை இன்னொரு பிரேக்கின் பலமாகக் காட்டியது. பாதுகாப்புக்கென வைத்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும்படி அமைந்திருந்தன. எது பிடிக்கிறது, எது பிடிப்பதாகத் தோன்றுகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் விசாரணையை முடித்தபோது, ரயில்கள் தானாக ஓடுவதைத் தடுக்கக் கூடுதலாகப் பருப்பொருள் தடுப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. விதிகள் ஏற்கெனவே இருந்தன. விதியோடு மட்டும் நிற்காமல், கையால் தொட்டு உறுதிசெய்யக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்பதே அதன் சாரம். 2019 பிப்ரவரியில் அதே நாட்டின் ஃபீல்டு மலைச்சரிவில், கடுங்குளிரில் அவசர ஏர் பிரேக்கை மட்டும் நம்பி ஏறத்தாழ 3 மணி நேரம் நின்ற தானிய ரயில் தானாக உருளத் தொடங்கி, அதில் இருந்த 3 ஊழியர்களும் இறந்தார்கள். குளிரில் காற்றுக் கசிவு கூடும் என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்திருந்தும், நிற்கும் ரயிலைப் பார்த்தால் அதற்குள் எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கட்டை கண்ணுக்குத் தெரியும். வைத்திருந்தால் இருக்கிறது, வைக்காவிட்டால் இல்லை. பத்தடி தூரத்திலிருந்து யாரும் பார்த்துச் சொல்லலாம். விமான நிலையங்கள் இதை முழுமையாக உணர்ந்து நடக்கின்றன. விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் தரைப்பணியாளர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையை வைத்துவிட்டு விமானிக்குக் கைச்சைகை காட்டுவார். அந்தச் சைகைக்குப் பிறகு விமானி பல நேரங்களில் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிடுவார். தரையிறங்கியபோது கொதித்த பிரேக்குகள் பிடித்தபடியே இருந்தால் ஆறுவது தாமதமாகும், விடுவித்தால் சீக்கிரம் ஆறும். நவீனத்தின் உச்சமான ஒரு பொறி, தன் பிரேக்கைத் தானே விடுவித்துவிட்டு ரப்பர்க் கட்டைகளை நம்பி நிற்கிறது. விமானப் பயணத்தின் நேரக் கணக்கும் அந்தக் கட்டையை எடுத்து நகரத் தொடங்கும் கணத்தில் ஆரம்பித்து, மறுமுனையில் மீண்டும் கட்டைக்கு வந்து நிற்கும் கணத்தில் முடிகிறது. நிற்பது அங்கே ஓட்டத்தின் எச்சமாகக் கருதப்படவில்லை. தொடக்கமும் முடிவும் பொறுப்பாளரும் கருவியும் சைகையும் கொண்ட தனிச் செயலாக அதை வகுத்துவைத்திருக்கிறார்கள். சாலையிலும் ரயில் யார்டிலும் சரக்குக் கிடங்கிலும் நமக்கு இல்லாதது இந்த வகுப்புமுறைதான்.

நகர்ந்த வண்டியின் அடியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை இங்கே தள்ளிவைக்க முடியாது. ஒடிசாவின் ஜாஜ்பூர் கேந்துஜார் ரோடு நிலையத்தில் 2023 ஜூன் 7 அன்று புயல் மழைக்கு ஒதுங்க இடமில்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள், இன்ஜின் இல்லாமல் நின்ற சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்தார்கள். பலத்த காற்றில் பெட்டிகள் நகர்ந்தன. 6 பேர் இறந்தார்கள். ரயில் நிலைய யார்டுகளில் சரிவு 400-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது, 1200-க்கு 1 என்றிருப்பதே நல்லது என்று இந்திய ரயில்வேயின் விதிமுறை சொல்கிறது. அத்தனை சமமாக அமைக்கச் சொல்வதற்குக் காரணம், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள மிகச் சிறிய விசையே போதும் என்பது. காற்றே போதும் என்று அந்த நாள் காட்டியது. பெட்டிக்கடியில் அவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. மழைக்கு ஒதுங்கப் பெட்டியின் அடி தவிர வேறு கூரை இல்லாத இடத்தில் வேலை செய்யவைத்துவிட்டு, அந்தப் பெட்டி நகராது என்ற உறுதியையும் தராமல் விட்டது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வண்டியை நிறுத்திவைப்பது எப்படி என்று முடிவெடுப்பவரும், நின்ற வண்டியின் அடியிலும் பின்னாலும் வேலை செய்பவரும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள். சுமை இறக்குபவர், பஞ்சர் ஒட்டுபவர், தண்டவாளம் பராமரிப்பவர், கரும்பு ஏற்றுபவர் ஆகியோர் தாம் போடாத பிரேக்கை நம்பி உயிரை வைக்கிறார்கள். அவர்களால் பிரேக்கைச் சோதிக்க முடியாது. கட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியும். பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரத்தை அந்தப் பாதுகாப்பைச் சார்ந்திருப்பவரின் கைக்கே தருவதுதான் கட்டையின் மிகப் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று இங்கிலாந்தின் டீபே விபத்து. 2004 பிப்ரவரி 15 அதிகாலையில், கம்பிரியா பகுதியில் தண்டவாளத் துண்டுகளை ஏற்றிய டிரெய்லர் ஒன்று சரிவில் உருண்டு ஓடி, சில கிலோமீட்டர் தள்ளி இருட்டில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள்மீது மோதியது. 4 பேர் இறந்தார்கள். அந்த டிரெய்லரின் பிரேக் இயங்காதபடி துண்டிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தியிருந்தவை சக்கரத்தடியில் வைத்த மரத்துண்டுகள் மட்டுமே. கட்டை இருந்தும்தானே 4 பேர் செத்தார்கள் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், அங்கே கட்டை துணையாக வைக்கப்படவில்லை, பிரேக்குக்கு மாற்றாக வைக்கப்பட்டது என்பதுதான். செலவை மிச்சப்படுத்த முதல் தடுப்பை எடுத்துவிட்டு இரண்டாவதை முதலாவதாக்கினார்கள். பிரேக் மட்டும் போதும் என்பதும் கட்டை மட்டும் போதும் என்பதும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள். பிரேக் தோற்கும் விதம் வேறு, கட்டை தோற்கும் விதம் வேறு. ஒன்று கசிவாலும் தளர்வாலும் தோற்கும், மற்றது வழுக்கலாலும் உடைதலாலும் தவறான இடத்தில் வைப்பதாலும் தோற்கும். வெவ்வேறு காரணங்களால் தோற்கும் இரண்டு தடுப்புகளும் ஒரே நேரத்தில் தோற்பது அரிது. இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்வது அதனால்தான். டீபே வழக்கில் அந்தப் பணியை ஒப்பந்தம் எடுத்தவருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை மரத்துண்டை வைத்ததற்காக அல்ல, பிரேக்கைத் துண்டித்ததற்காக.

கட்டை எந்த அளவில், எந்த இடத்தில் இருந்தால் தாங்கும் என்பதையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். எதையாவது வைத்தால் போதும் என்ற எண்ணமே அதைத் தோற்கடிக்கிறது. லாரிச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் உயரக் கட்டையின்மீது அது ஏறிப்போக வேண்டுமானால், அந்தச் சக்கரம் தாங்கும் பாரத்தில் முக்கால் பங்கு விசை பக்கவாட்டில் தள்ள வேண்டும். கேட்பதற்கு நிறையத் தெரியும். ஆனால் தள்ளுவது வண்டியின் மொத்த எடை, கட்டை பிடித்திருப்பது ஒரு சக்கரம். ஒரு சக்கரம் மொத்தப் பாரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாங்குகிறது என்று கொண்டால், 10-க்கு 1 சரிவில் அந்த ஒற்றைக் கட்டை மயிரிழையில்தான் தாங்கும். இரண்டு சக்கரங்களுக்கு வைத்தால் நிம்மதி. இடைவெளி விட்டு வைத்தால் நிலைமை இன்னும் மோசம். 20-க்கு 1 சரிவில் கட்டைக்கும் டயருக்கும் இடையே அரை மீட்டர் விட்டால், உருண்டு வந்து மோதுவதற்குள் வண்டி 2.5 சென்டிமீட்டர் உயரம் இறங்கிய ஆற்றலைச் சேர்த்திருக்கும். ஆறில் ஒரு பங்கு பாரத்தை 10 சென்டிமீட்டர் தூக்க, மொத்த வண்டியை 2 சென்டிமீட்டர்கூடத் தூக்காத ஆற்றல் போதும். டயர் நசுங்குவதிலும் உராய்விலும் கொஞ்சம் வீணானாலும், அந்த வண்டி கட்டையை ஏறிக் கடந்துவிடக்கூடும். டயரை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் அண்டக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். செங்கல் பாரம் தாங்காமல் நொறுங்கும். உருண்டைக் கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். எண்ணெய் சிந்திய தரையில் வழவழப்பான மரத்துண்டு வழுக்கும். டயரின் வளைவுக்கு ஏற்பக் குழிந்த முகமும், தரையைப் பிடிக்கும் அடிப்பகுதியும் கொண்ட ரப்பர்க் கட்டையோ இரும்புக் கட்டையோ இந்த மூன்று குறைகளையும் தவிர்க்கும்.

இன்றைய வண்டிகளின் பிரேக் பழைய வண்டிகளுடையதைப் போல அல்ல என்பது அடுத்த மறுப்பு. கனரக லாரிகளில் இப்போது ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. காற்று போனால் தளர்வதற்குப் பதிலாக, காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிடிக்கும். கசிவு என்ற சிக்கலைத் தலைகீழாக்கிய இந்த ஏற்பாடு பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் லைனிங் தேய்ந்து, அதற்கேற்ப அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால், ஸ்பிரிங் விரிந்தும் ஷூ டிரம்மை முழுதாக அழுத்தாது. மேலும், எந்த நல்ல பிரேக்கும் போட்டால்தான் பிடிக்கும். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவா நிலையத்தில் நின்றிருந்த 53 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில், டிரைவர் இல்லாமல் தானாகப் புறப்பட்டுப் பஞ்சாபுக்குள் சுமார் 70 கிலோமீட்டர் ஓடியது. பிரேக் இல்லாத ரயில் அல்ல அது. தண்டவாளத்தில் மணல் மூட்டைகளும் மரக்கட்டைகளும் போட்டு உச்சி பஸ்ஸி அருகே அதை நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை என்பது நற்பேறு. 70 கிலோமீட்டர் ஓடிய பிறகு போட்ட கட்டைகளை, ஓடாமல் நின்றிருந்தபோதே சக்கரத்தடியில் வைத்திருக்க ஒரு நிமிடம் போதும். திருவாரூர் ஆழித்தேரைக்கூட நினைத்துப் பார்க்கலாம். சுமார் 300 டன் எடையுள்ள அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தோடு நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திருப்பம் கொடுக்கவும் நிலைநிறுத்தவும் அவர்கள் கை தேவைப்படுகிறது. புதிய பிரேக் வந்தது கட்டையை விலக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கின்றன.

பிறகு, இது ஓட்டுநரின் பொறுப்பு சார்ந்த விஷயம், அஜாக்கிரதையானவரைத் தண்டித்தால் போதும் என்ற வாதம் வரும். சட்டம் அந்தப் பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-வது பிரிவு, உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது இன்ஜினை நிறுத்திப் பிரேக்கைப் போட வேண்டும், அல்லது வண்டி தற்செயலாக நகராதபடி வேறு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பிரேக்குக்கும் வேறு நடவடிக்கைக்கும் நடுவே நிற்பது 'அல்லது'. இரண்டில் ஒன்று போதும் என்கிறது சட்டம். அந்த வேறு நடவடிக்கைக்கான கருவியை வண்டியில் வைத்துத் தர வேண்டியவர் யார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. முன்பு லாரியில் டிரைவரோடு கிளீனர் இருப்பார். மலைப்பாதை ஏற்றத்தில் வண்டி திணறி நின்றால், டிரைவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுப்பது கிளீனரின் வேலை. கூலியை மிச்சப்படுத்தப் பல வண்டிகள் இப்போது கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. பிரேக்கில் கால் வைத்திருப்பவரே இறங்கிக் கல் தேட முடியாது. அந்த இரண்டாவது ஆளை வண்டியிலிருந்து எடுத்துவிட்டு, அவர் செய்த வேலையை யார் செய்வது என்று யோசிக்காமல் விட்டுவிட்டோம். ஆளைக் குறைத்த முடிவு முதலாளியுடையது, நகர்ந்த வண்டிக்கான வழக்கு டிரைவர்மீது. இதைப் பொறுப்பு என்று சொல்லக் கூடாது.

கல் தேடும் பழக்கத்துக்கு இன்னொரு பலியும் உண்டு. பழுதாகி நின்ற லாரிக்கு முட்டுக் கொடுத்த பெரிய கல், வண்டி கிளம்பிப் போன பிறகும் சாலையிலேயே கிடக்கும். அது யாருடைய பொருளும் அல்ல, அதனால் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாது. இரவில் வரும் இருசக்கர வாகனம் அதில் ஏறிக் கவிழும். ஒருவருக்குப் பாதுகாப்பாக இருந்த பொருள் அடுத்தவருக்கு எமனாகிவிடுகிறது. கட்டை வண்டிக்குச் சொந்தமானதாக, விலை கொடுத்து வாங்கியதாக, வைப்பதற்கென்று வண்டியில் ஓர் இடம் உள்ளதாக இருந்தால், கிளம்பும்போது டிரைவர் அதை எடுத்துக்கொண்டுதான் போவார். ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்பது அதன் பாதுகாப்புத் தன்மையையே மாற்றிவிடுகிறது.

இதைச் செய்துகாட்டிய நாடு இருக்கிறது. ஜெர்மனியின் வாகன அனுமதி ஒழுங்குமுறையின் 41-வது பிரிவு, 4 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள வாகனத்தில் 1 கட்டையும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட வாகனங்களிலும் செமி டிரெய்லர்களிலும் 2 கட்டைகளும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. கட்டை எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொலைந்துபோகாமலும் கடகடக்காமலும் பிடித்துவைக்கும் தாங்கி வேண்டும். கொக்கியையும் சங்கிலியையும் தாங்கியாகப் பயன்படுத்தக் கூடாது. ஒரு கட்டையை எப்படி மாட்டிவைப்பது என்பதுவரை சட்டம் இறங்கி வருவதை அதிகாரிகளின் நுணுக்கப் பித்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருட்டில், மழையில், அவசரத்தில் ஒருவர் கையை நீட்டினால் கட்டை கையில் வர வேண்டும் என்று யோசித்து எழுதிய வரிகள் அவை. அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பு விதி, ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள் ஏறுவதற்கு முன் பிரேக்கைப் போட்டுப் பின்சக்கரங்களுக்குக் கட்டையும் வைக்க வேண்டும் என்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு முறை உள்ளே புகுந்து நிற்கும்போதும் கொடுக்கும் தள்ளலில், பிரேக் போட்ட டிரெய்லரே சரக்கேற்றும் மேடையிலிருந்து மெல்ல விலகக்கூடும். அங்கே இரண்டுக்கும் இடையே நிற்பது 'அல்லது' அல்ல, 'உம்'.

நம் சூழலுக்கு இது செலவா என்று கேட்கலாம். ஒரு லாரி டயரின் விலையில் பல கட்டைகள் வாங்கிவிடலாம். திருட்டுப் போகும் என்பார்கள். ஸ்டெப்னியும் திருட்டுப் போகிறதுதான், அதற்காக ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை அனுப்புவதில்லை. சட்டம் போட்டால் சாலையில் வண்டியை மறித்துப் பணம் பறிக்க இன்னொரு வழி கிடைக்கும் என்ற அச்சம் உண்மையானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் இதைச் சாலையில் சோதிக்கக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு சரக்கு வாகனமும் எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது. பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் அதே இடத்தில், கட்டைகளும் அவற்றுக்கான தாங்கியும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர், டிரைவர் அல்ல. பண்ணை டிரெய்லர்களுக்கு இது இன்னும் அவசியம். அவற்றில் பலவற்றுக்குத் தனி பிரேக்கே கிடையாது. டிராக்டரிலிருந்து கழற்றிய கணத்தில் அவற்றை நிறுத்திவைக்கக் கட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. கழற்றுவதற்கு முன்பே கட்டையை வைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரிசைமுறையைப் பழக்கினால் போதும், சர்க்கரை ஆலை யார்டுகளில் பல கால்கள் தப்பும். கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் சுமை இறக்குபவர், கட்டை இல்லாத வண்டியில் ஏற மறுக்கும் உரிமையை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. மாட்டுவண்டிக் காலத்திலிருந்து கைகளுக்குத் தெரிந்த ஒரு செயலை, ஒருவரின் ஞாபகத்திலிருந்தும் வழியில் கிடைக்கும் கல்லிலிருந்தும் விடுவித்து வண்டியின் அமைப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஓடும் வண்டியின் ஆபத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். பயணி, உரிமையாளர், அமைச்சர் எல்லோரும் சாலையில்தான் போகிறார்கள். அதனால் அதற்கு விதிகளும் கருவிகளும் பிரச்சாரமும் கிடைத்துவிட்டன. நிற்கும் வண்டியின் ஆபத்தை, அதனடியில் வேலை செய்ய வேண்டியிருப்பவர்கள் மட்டுமே சுமக்கிறார்கள். அவர்கள் குரல் சட்டம் எழுதும் இடத்தை எட்டாததால்தான் 126-வது பிரிவில் அந்த 'அல்லது' இத்தனை ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. பிரேக்கும் போட வேண்டும், கட்டையும் வைக்க வேண்டும், கட்டையைத் தருவது உரிமையாளரின் கடமை என்று அந்தப் பிரிவைத் திருத்தி எழுத வேண்டும்.